சமூக விரோத ஆளுமைக் கோளாறு இருப்பவர்கள் ஏன் வன்முறைக் குற்றங்களில் அதிகம் சிக்குகிறார்கள்?

பொய், ஏமாற்று, முன்பின் யோசிக்காத கோபம், செய்ததற்கு வருத்தமே இல்லாமை, இதெல்லாம் வருடக்கணக்கில் ஒருவரின் சுபாவமாகவே இருந்தால்தான் இந்தப் பெயர். 18 வயதுக்கு முன் மருத்துவர்கள் இந்தப் பெயரைச் சொல்லமாட்டார்கள், ஆனால் 15 வயதுக்குள்ளேயே அறிகுறி தெரிந்திருக்க வேண்டும்.

கை ஓங்கும்போது நம்மைத் தடுப்பது பயமும் குற்ற உணர்வும்தான். இவர்கள் பிரேக் தேய்ந்த லாரி மாதிரி, சமதளத்தில் ஓடிவிடும், இறக்கத்தில் நிற்காது. குடியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

2002-இல் 12 நாடுகளின் சிறை ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஆண் கைதிகளில் 47 சதவீதம் பேருக்கு இது இருந்தது; சட்டத்தை மீறுவதே அறிகுறிகளில் ஒன்று என்பதால் எண் கொஞ்சம் கூடத்தான் வரும்.

அதற்காக இவர்கள் எல்லோரும் கொலைகாரர்கள் என்று நினைப்பது தவறு, பலர் கடன் வாங்கி ஏமாற்றுவதும் எந்த வேலையிலும் நிலைக்காததுமாகவே காலம் தள்ளுகிறார்கள்.