எல்லா ரகளையும் 'கெர்ஃபஃபிள்' இல்லை

கேள்வி: கோவையில் ஐ.டி. வேலை பார்க்கிறேன். லண்டன் வாடிக்கையாளர் ஒருவர், தான் தேதியை மாற்றிப் போட்டதால் குழம்பிப்போன ஒரு மீட்டிங்கைப் பற்றி, 'அந்த கெர்ஃபஃபிளுக்கு (kerfuffle) மன்னிக்கவும்' என்று ஆங்கிலத்தில் மெயில் போட்டிருந்தார். அகராதியில் 'அமளி, குழப்பம்' என்று இருக்கிறது. வார்த்தை பிடித்துவிட்டது. போன வாரம் எங்கள் டீம் லீட், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணை எல்லார் முன்னாலும் திட்டித் தீர்த்துவிட்டார். எச்.ஆருக்கு எழுதும் மெயிலில் இதை கெர்ஃபஃபிள் என்று சொல்லலாமா?

பதில்: வேண்டாம். மெயில் இன்னும் போகவில்லை என்றால் முதலில் அந்த வார்த்தையை எடுத்துவிடுங்கள், காரணத்தை அப்புறம் படிக்கலாம்.

அகராதி சொன்னது தப்பில்லை, ஆனால் பாதிதான். கெர்ஃபஃபிள் என்று ஒருவர் சொல்லும்போது, சத்தம் போட்டார்கள், பரபரப்பானார்கள், ஆனால் விஷயம் அப்படியொன்றும் பெரிதில்லை என்கிற அவருடைய தீர்ப்பும் அதிலேயே சேர்ந்து வந்துவிடுகிறது. உங்கள் வாடிக்கையாளர் அதைத் தன்னுடைய தவறைப் பற்றிச் சொன்னார், அதுவும் ஒரு தேதிக் குழப்பத்தை. அங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. திட்டு வாங்கி நின்ற பெண்ணுக்கு நடந்ததை அப்படிச் சொன்னால், எச்.ஆரில் படிப்பவர் முதல் வரியிலேயே இது சின்ன விஷயம் என்று முடிவு கட்டிவிடுவார், சொன்னது நீங்களாகிவிடும்.

இந்த வார்த்தை ஸ்காட்லாந்தில் பிறந்தது. ஸ்காட்ஸ் மொழியில் 'ஃபஃபிள்' என்றால் கலைத்துப்போடுவது, தாறுமாறாக்குவது. முன்னால் உள்ள 'கெர்' என்ற ஒட்டு, ஸ்காட்லாந்தின் இன்னொரு மொழியான கேலிக்கிலிருந்து (Gaelic) வந்திருக்கலாம் என்கிறார்கள். பழைய வடிவம் ஆங்கில 'சி' (c) எழுத்தில் தொடங்கும், இப்போதைய 'கே' (k) எழுத்து 20-ஆம் நூற்றாண்டில்தான் நிலைத்தது. துணி கசங்குவதற்கும் இந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறார்கள், அதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம். கசங்கின துணியை நீவிவிட்டால் சரியாகிவிடும், இல்லையா? அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்: ரயிலில் இரண்டு பேருக்கு ஒரே சீட் நம்பர் வந்து டி.டி.ஆர். வந்து தீர்த்துவைத்தால் கெர்ஃபஃபிள், யாருக்காவது அடிபட்டாலோ அவமானம் நேர்ந்தாலோ இல்லை. தமிழில் 'சலசலப்பு' கிட்டத்தட்ட இந்த எடைதான். 'கலவரம்' கிட்டவே வராது.

நம் 'களேபரம்' பழைய அகராதிகளில் உடம்பு, பிணம் என்றுதான் இருக்கும். இன்றைக்கு அந்தப் பொருளில் யார் பேசுகிறோம்? ஒரு வார்த்தையின் எடை பேசுகிறவர்கள் வாயில்தான் இருக்கிறது, அதனால் புது வார்த்தை கண்ணில் பட்டால் அது வருகிற நாலைந்து வாக்கியங்களையாவது தேடிப் படித்துவிட்டு எடுத்தாளுங்கள்.

சரி, பேச்சில் எப்படி? அழுத்தம் நடுவில், 'ஃபஃ' மேல். பிரிட்டிஷ்காரர்கள் முதல் அசையின் 'ர்' ஒலியை விட்டுவிடுவார்கள். எதைப் பற்றி என்று சொல்ல 'ஓவர்' அல்லது 'அபவுட்' சேர்த்தால் போதும். பிரிட்டனிலும் கனடாவிலும் பத்திரிகைகள்கூட சின்ன அரசியல் சண்டைகளுக்கு இதைப் போடுவார்கள். இதுபோல அமளியைச் சொல்லும் ஆங்கில வார்த்தைகள் இன்னும் இரண்டு: 'ஹல்லபலூ' (hullabaloo) என்றால் கூச்சல் தூக்கலாக இருக்கும். பிரெஞ்சிலிருந்து வந்த 'புரூஹாஹா' (brouhaha) பெரும்பாலும் ஊரே பேசுகிற சர்ச்சைக்கு.

உங்கள் மெயிலுக்கு இந்த மூன்றுமே வேண்டாம். எந்தத் தேதி, எத்தனை மணி, யார் யார் இருந்தார்கள், அவர் என்ன வார்த்தைகள் சொன்னார் என்பதை அப்படியே எழுதுங்கள். 'ஷௌட்டட்' (shouted, கத்தினார்) என்ற சாதாரண வார்த்தை போதும். அனுப்புவதற்கு முன்னால் அந்தப் பெண்ணிடம் காட்டி, அவருக்குச் சம்மதமா என்று கேட்டுவிடுங்கள்.