பேக்நெட் எம்எஸ்/டிபி கண்ட்ரோலரை லேப்டாப்போடு மலிவாகச் சோதிப்பது எப்படி?

கேள்வியை இப்படிப் புரிந்துகொள்கிறேன்: மேசையில் ஒரு ஏர்கோன் கண்ட்ரோலர் இருக்கிறது, அதன் எம்எஸ்/டிபி போர்ட் (கட்டடக் கருவிகள் ஒயர் வழியாக ஒன்றோடொன்று பேசும் பேக்நெட் முறைக்கான இணைப்பு) பேசுகிறதா என்று லேப்டாப்பில் பார்க்க வேண்டும், தயாரிப்பாளர் விற்கும் இணைப்புப் பெட்டியின் விலையைக் கேட்டதும் தௌகே (முதலாளி) முகத்தைச் சுளித்துவிட்டார்.

பெட்டி வேண்டாம். ஒரு யூஎஸ்பி ஆர்எஸ்-485 டாங்கிளும் (லேப்டாப்பின் யூஎஸ்பியை அந்த ஒயர் சிக்னலாக மாற்றும் சின்ன அடாப்டர்) இரண்டு முழம் ஒயரும் போதும். ஆனால் டாங்கிளைச் செருகிய உடனே லேப்டாப்பைப் பேச விடாதீர்கள், முதலில் கேட்க மட்டும் விடுங்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்து கோலாலம்பூரில் ஒரு கட்டடத்தின் ஏஎச்யூ (ஏர்கோன் காற்று இயந்திர) அறையில் முழுச் சனிக்கிழமையைத் தொலைத்தவன்.

கேட்டாலே ஏன் போதும் என்றால், எம்எஸ்/டிபியில் மாஸ்டராக, அதாவது தானாகவே பேசக்கூடியதாக, இருக்கும் கருவியால் சும்மா இருக்க முடியாது. பஸ்ஸில், அதாவது எல்லோரும் சேர்ந்த ஒரே ஒயரில், பலர் இருந்தால் டோக்கன் என்ற பேசும் உரிமை கைமாறிக்கொண்டே இருக்கும். யாருமே இல்லாமல் தனியாகக் கிடந்தாலும் கண்ட்ரோலர் ஒவ்வொரு முகவரியாகக் கூப்பிட்டு "இருக்கிறாயா, இருக்கிறாயா" என்று விசாரித்துக்கொண்டே இருக்கும், அதற்குப் போல் ஃபார் மாஸ்டர் என்று பெயர். ஆகவே நீங்கள் ஒரு பைட்டும் அனுப்ப வேண்டாம். வரும் பைட்டுகளை ஹெக்ஸ் எண்களாகக் காட்டும் ஏதாவது ஒரு இலவச சீரியல் டெர்மினல் நிரலைத் திறந்தால் 55 எஃப்எஃப் 01 என்று தொடங்கும் 8 பைட் துண்டுகள் ஓடுவது தெரியும். நான்காவது பைட் அது கூப்பிடும் முகவரி, ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போகும். ஐந்தாவது கண்ட்ரோலரின் சொந்த முகவரி. இதைப் பார்த்துவிட்டீர்கள் என்றால் ஒயர், வேகம், போர்ட் மூன்றும் சரி என்று அர்த்தம், பாதி வேலை முடிந்தது. (மோட்பஸ் ஆர்டியூ என்ற வேறு முறை என்றால் இந்த வித்தை செல்லாது, அங்கே ஸ்லேவ் கருவியை யாராவது கேட்டால்தான் அது வாய் திறக்கும்.)

குப்பையாக வந்தால் ஆர்எஸ்-485-இன் இரண்டு சிக்னல் ஒயர்களான ஏ, பி-யை மாற்றிப் போட்டுப் பாருங்கள். எது ஏ, எது பி என்பதில் தயாரிப்பாளர்களுக்குள் ஒற்றுமையே கிடையாது, மாற்றிப் போட்டதால் எதுவும் எரியவும் எரியாது. அப்புறம் வேகம்: 9600, 19200, 38400, 76800 என்று வரிசையாக, எப்போதும் 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். பழைய கணினியின் 9 பின் போர்ட்டோடு 76800-ஐ முயலாதீர்கள். அந்தப் போர்ட் 115200-ஐ முழு எண்ணால் வகுத்துத்தான் வேகத்தை உண்டாக்கும், 76800-க்கு ஒன்றரையால் வகுக்க வேண்டியிருக்கும், அது அதனால் முடியாது.

எந்த டாங்கிள்? வெறுமனே கேட்பதற்கு ஷாப்பியில் பத்துப் பதினைந்து ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் சிஹெச்340 சிப் உள்ளதே தாராளம். நான் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஏ-யோடு ஏ, பி-யோடு பி என்று இரண்டையும் சேர்த்து, ஒரு டெர்மினலில் தட்டியது இன்னொன்றில் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கண்ட்ரோலர் பக்கமே போவேன், இல்லாவிட்டால் செத்த டாங்கிளை வைத்துக்கொண்டு கண்ட்ரோலரைத் திட்டிக்கொண்டிருப்போம். டாங்கிள் இல்லாமலே காம்0காம் மாதிரி மெய்நிகர் போர்ட் வைத்துச் சோதிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். நீங்களே நிரல் எழுதினால் அது உதவும், ஒயரைப் பற்றியோ நேரக் கணக்கைப் பற்றியோ அது ஒன்றும் சொல்லாது.

சரி, லேப்டாப் பேசவும் வேண்டும், யாபே என்ற பேக்நெட் நிரலைப் போட்டு கண்ட்ரோலரின் புள்ளிகளை (வெப்பநிலை போன்ற மதிப்புகளை) படிக்க வேண்டும் என்றால் எஃப்டிடிஐ சிப் உள்ள டாங்கிளுக்குக் கூடக் கொஞ்சம் செலவழியுங்கள். கோலாலம்பூர் ஜாலான் பாசார் கடைகளில் கேட்டுப் பாருங்கள், ஆன்லைனிலும் இருக்கிறது. என் சனிக்கிழமை போனது இங்கேதான். யாபேயில் கண்ட்ரோலர் வரும், போகும், மறுபடி வரும். கேபிளை மாற்றினேன், ஒயர் முனையில் போடும் டெர்மினேஷன் ரெசிஸ்டரை மாற்றினேன், மாமாக் கடைக்குப் போய் தே தாரிக் குடித்துவிட்டு வந்து மறுபடி எல்லாவற்றையும் மாற்றினேன். கடைசியில் பார்த்தால் கோளாறு டிரைவரில். எஃப்டிடிஐ டிரைவரில் லேட்டன்சி டைமர் என்று ஒன்று உண்டு, வாங்கும்போது 16 மில்லி விநாடியில் இருக்கும், அதாவது சின்னத் துண்டுகளை அவ்வளவு நேரம் சிப்பிலேயே சேர்த்து வைத்துவிட்டுத்தான் கணினிக்குக் கொடுக்கும். டோக்கனோ எட்டே பைட், 38400-இல் வந்து சேர 2 மில்லி விநாடிதான் ஆகும். அதை வாங்கியவர் 15 மில்லி விநாடிக்குள் வாய் திறக்க வேண்டும் என்பது விதி. என் லேப்டாப்புக்கு டோக்கன் வந்ததே தெரியாத நேரத்தில் கண்ட்ரோலர் "இந்த ஆள் செத்துவிட்டான்" என்று அடுத்த முகவரியைத் தேடிப் போய்விடும். டிவைஸ் மேனேஜரில் அந்தக் காம் போர்ட்டின் அட்வான்ஸ்ட் பகுதியில் 16-ஐ 1 ஆக்கினேன், அத்தோடு சரியாகிவிட்டது. அன்றைக்கே எம்எஸ்டிபிகேப் என்ற இலவச நிரலில் பதிவு செய்து வயர்ஷார்க்கில் (பதிவைப் பிரித்துக் காட்டும் நிரல்) திறந்து பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் புரிந்திருக்கும்.

லேப்டாப்புக்கு வைக்கும் முகவரி கண்ட்ரோலரின் மேக்ஸ் மாஸ்டர் எண்ணை, அதாவது அது கூப்பிட்டுப் பார்க்கும் கடைசி முகவரியை, தாண்டக்கூடாது. யாரோ அதை 31 என்று குறைத்து வைத்திருக்க, நீங்கள் 100-இல் உட்கார்ந்திருந்தால் உங்களை யாரும் கூப்பிடவே மாட்டார்கள்.

மேசையில் ஒரு மீட்டர் ஒயருக்கு 120 ஓம் டெர்மினேஷன் ரெசிஸ்டர் இல்லாமலே ஓடும். சைட்டில் நீளமான பஸ் என்றால் எல்லாக் கருவிக்கும் பவரை நிறுத்திவிட்டு மல்டிமீட்டரால் ஏ, பி-க்கு நடுவே அளந்து பாருங்கள். இரண்டு முனையிலும் டெர்மினேஷன் இருந்தால் 60 ஓம் பக்கத்தில் காட்டும், 40 காட்டினால் நடுவில் யாரோ மூன்றாவது ஒன்றைப் போட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று, சைட்டில் சோதிக்கும்போது லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள், அல்லது ஐசோலேட்டட் டாங்கிள் (இரண்டு பக்கத்துக்கும் நேரடி மின் தொடர்பு இல்லாதது) வாங்குங்கள். 24 வோல்ட் ஏசியில் ஓடும் கண்ட்ரோலர்கள் பலவற்றில் சிக்னல் கிரவுண்டும் அந்த 24 வோல்ட்டின் ஒரு காலும் ஒன்றுதான். டிரான்ஸ்பார்மரின் மற்றொரு காலை யாராவது எர்த் பண்ணி வைத்திருந்தால், மூன்று பின் சார்ஜர் வழியாக உங்கள் லேப்டாப்பின் கிரவுண்டுக்கும் அதற்கும் நடுவே முழு 24 வோல்ட் நிற்கும். என்னோடு வேலை பார்த்த பையன் அப்படித்தான் கிரவுண்ட் ஒயரைத் தொட்டான். டாங்கிள் போனதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, லேப்டாப் கம்பெனியுடையது.