சாமி கனவில் வந்தால், தூக்கத்தில் உதைத்தால்: கனவு பற்றிய கேள்வி பதில்

கல்லூரியில் உளவியல் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் கனவு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வந்த கேள்விகளில் சிலவும் பதில்களும்.

அம்பாசமுத்திரம்: விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று எங்கள் ஆச்சி சொல்வாள். உண்மையா சார்?

பலிக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் ஆச்சி விடியற்காலையைச் சொன்னதில் விஷயம் இருக்கிறது. தூக்கத்தில் மூடிய இமைக்குள் கண்விழி வேகமாக அசையும் கட்டம் ஒன்று உண்டு. 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் அதைப் பற்றி எழுதினார்கள். அந்த நேரத்தில் எழுப்பினால் பெரும்பாலானோர் கனவு சொல்வார்கள். ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை அது வரும். முன்னிரவில் சில நிமிடம்தான், விடிய விடிய நீளும். அதனால்தான் கோழி கூவும் நேரத்துக் கனவு கதைபோல நீளமாக இருக்கிறது, உடனே விழித்துவிடுவதால் நினைவிலும் நிற்கிறது. அதில் ஒன்று தற்செயலாக நடந்துவிட்டால் ஊரெல்லாம் சொல்வோம். நடக்காமல் போனவற்றை யார் பேசுகிறார்கள்?

முக்கூடல்: பகலெல்லாம் பீடி சுற்றுகிறேன் அண்ணாச்சி. கண்ணை மூடினால் அங்கேயும் இலையும் தூளும்தான். ஏன்?

நல்ல கேள்வி அக்கா. அமெரிக்காவில் ராபர்ட் ஸ்டிக்கோல்டு என்ற தூக்க ஆய்வாளரின் குழுவினர் சிலரை, மேலிருந்து விழும் கட்டங்களை அடுக்கும் டெட்ரிஸ் என்ற கணினி விளையாட்டை ஆட வைத்து, 2000-ல் அதன் முடிவை வெளியிட்டார்கள். தூக்கம் பிடிக்கும்போது பலருக்கும் கட்டங்கள் விழும் காட்சி வந்தது. மறதி நோயால், தாங்கள் ஆடியதே நினைவில்லாத சிலருக்கும் வந்தது! அன்றன்று பழகியதை மூளை தூக்கத்தில் மறுபடி ஓட்டிப் பார்த்துப் பதித்துக்கொள்கிறது என்ற கொள்கை இதனால் வலுப்பெற்றது. அந்தப் பதிவுக்குக் கனவே உதவுகிறதா, அல்லது கனவு அதன் நிழல்தானா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

வள்ளியூர்: அடக்கிய ஆசைதான் கனவு என்று ஃப்ராய்டு சொன்னாராமே?

சொன்னார். ஆசை வேஷம் மாறி வருகிறது என்பது அவர் கட்சி. 1977-ல் ஹாப்சன், மெக்கார்லி என்ற அமெரிக்க மனநல மருத்துவர்கள், மூளையின் அடிப்பகுதியான மூளைத்தண்டிலிருந்து எழும் தூண்டல்களை மேல்மூளை கதையாகக் கட்டுவதே கனவு என்றார்கள். கால்வின் ஹால் என்ற அமெரிக்க உளவியலாளர் ஆயிரக்கணக்கான கனவுகளைச் சேர்த்து எண்ணிப் பார்த்தார். அவற்றில் நிறைந்திருந்தவை அவரவர் ஆட்களும் கவலைகளும்தான். நான் ஹால் பக்கம்.

ஸ்ரீவைகுண்டம்: 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, மழை பெய்தாலே வீட்டுக்குள் தண்ணீர் ஏறும் கனவு. பிள்ளையைத் தேடித் தேடி அலறி எழுகிறேன்.

ஆபத்தைச் சமாளிக்க மனம் செய்யும் ஒத்திகைதான் கனவு என்று பின்லாந்தின் ரெவான்சுவோ 2000-ல் ஒரு கொள்கை சொன்னார். ஆனால் ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்து தூக்கத்தைக் கெடுத்தால் அதை ஒத்திகை என்று விட்டுவிடக் கூடாது. பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து அந்தக் கனவை எழுதுங்கள், முடிவை மட்டும் மாற்றி. பிள்ளை கைக்குக் கிடைக்கிறது, இருவரும் மாடியேறிவிடுகிறீர்கள். அந்தப் புதுக் கதையைத் தினமும் சிறிது நேரம் மனதுக்குள் ஓட்டுங்கள். கெட்ட கனவுக்கு மனநல மருத்துவர்கள் கையாளும் முறைதான் இது. பகலிலும் நெஞ்சு படபடத்தால் தனியாகச் சமாளிக்க வேண்டாம் அம்மா, மருத்துவரைப் பாருங்கள்.

நாங்குநேரி: சுடலைமாடன் கனவில் வந்து, ‘கோயில் கொடை விழா ஏன் நின்னுபோச்சு?’ என்று கேட்டார். இதுவும் வெறும் மூளை வேலைதானா?

வந்தது சாமியா என்று விஞ்ஞானம் சொல்லாது, நானும் சொல்ல மாட்டேன். கொடை நின்றது உங்களை உறுத்துகிறது, அது நிச்சயம். பங்காளிகளைக் கூப்பிட்டுப் பேசுங்கள். கனவுக்கு அர்த்தம் சொல்லி, கடன் வாங்கிச் செலவு செய்யச் சொன்னால் மட்டும் கேட்காதீர்கள்.

திசையன்விளை: அப்பாவுக்கு 68 வயது. தூக்கத்தில் கத்துகிறார், உதைக்கிறார். மந்திரித்தும் நிற்கவில்லை.

இதைத் தள்ளிப்போடாதீர்கள் தம்பி. கண்விழி அசையும் அந்தக் கட்டத்தில் மூளை கை கால் தசைகளைத் தளர்த்தி வைக்கும். அது சரியாக நடக்காவிட்டால் கனவில் விடும் உதை பக்கத்தில் படுத்திருப்பவர் மேல் விழும். சில மாத்திரைகளாலும் இப்படி வரலாம். வயதானவர்களுக்கு, பின்னால் வரக்கூடிய பார்க்கின்சன் நோயின் முன்னறிகுறியாகவும் இருக்கலாம். பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியிலோ வேறெங்கோ நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் எடுத்துப் போங்கள், நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். அதுவரை அப்பா தரையில் மெத்தை போட்டுப் படுக்கட்டும். பக்கத்தில் செம்பு, ஸ்டூல் எதுவும் வேண்டாம். அம்மா சற்றுத் தள்ளிப் படுப்பது நல்லது.