கேளுங்கள், சொல்கிறேன்: 262-வதாக வந்த பையன்

கேள்வி: அண்ணே, என் மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். வார இறுதியில் ஃபிளாக் ஃபுட்பால் (இடுப்பில் கட்டிய கொடியைப் பறிக்கும் அமெரிக்க ஃபுட்பால்) ஆடுகிறான். சனிக்கிழமை நள்ளிரவு ஆனால் அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்கள். "இந்தக் குவாட்டர்பேக்கை யாருமே கண்டுகொள்ளவில்லை, என்எஃப்எல்லில் கலக்கப் போவது இவன்தான்" என்று, அமெரிக்கத் தொழில்முறை லீகைச் சொல்கிறான், வாரத்துக்கு ஒருவன் பெயரைச் சொல்கிறான். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்ல முடியுமா? – ஓர் அப்பா, ஈசூன்

பதில்: ஓரளவுக்குச் சொல்லலாம். ஆனால் வாரத்துக்கு ஒருவன் என்றால் உங்கள் பையன் கொஞ்சம் தாராள மனசுக்காரன்.

குவாட்டர்பேக் என்பவர் பந்தை வாங்கியதும் யாருக்கு எறிவது என்று முடிவு செய்கிறவர். அதற்கு அவருக்குக் கிடைப்பது சுமார் இரண்டரை நொடி, அதற்குள் 130 கிலோ எடையில் நாலைந்து பேர் அவரைக் கவிழ்க்க ஓடி வருவார்கள். நாம் எல்லோரும் பந்து பறப்பதைத்தான் பார்க்கிறோம். பந்து கையை விட்டுப் போவதற்கு முன்னால் அவர் கால் என்ன செய்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். முதல் ஆளை எதிரணி மறித்துவிட்டால் கண் இரண்டாவது ஆளிடம் போகிறதா, கூடவே காலும் அந்தப் பக்கம் திரும்புகிறதா, இல்லை பதறிப்போய் ஓட ஆரம்பிக்கிறாரா? கல்லூரியில் ஓடித் தப்பித்துக்கொள்ளலாம், ஏனென்றால் துரத்துகிறவர்களில் பெரும்பாலோர் படிப்பு முடிந்ததும் வேறு வேலைக்குப் போகிறவர்கள். என்எஃப்எல்லில் துரத்துவதுதான் அவர்களுக்கு வேலையே.

இன்னொன்று, 2024-க்கு முன்பு பல கல்லூரி அணிகளில் ஆட்டக்காரர் மைதானத்து ஓரத்தைப் பார்ப்பார், அங்கிருந்து பயிற்சியாளர் சைகை காட்டுவார், அதன்படி எறிவார். தொழில்முறை ஆட்டத்தில் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ஒலிபெருக்கியில் பயிற்சியாளர் நீளமாக ஒரு வாக்கியம் சொல்வார், கடிகாரத்தில் 15 நொடி மீதி இருக்கும்போது அந்த இணைப்பு துண்டிக்கப்பட்டுவிடும். அதற்கப்புறம் எதிரணி நிற்கும் விதத்தைப் படித்து, தேவைப்பட்டால் திட்டத்தையே மாற்ற வேண்டியது அவர் பொறுப்பு. கல்லூரியில் 50 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுப்பது) எறிந்தவர் இந்த இடத்தில்தான் திணறுவார். ரஞ்சிக் கோப்பையில் சதம் சதமாக அடித்தவர் டெஸ்டில் தடுமாறுவதைப் பார்த்த நமக்கு இதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை.

ஹவாய் பல்கலைக்கழகத்தின் டிம்மி சாங் கல்லூரியில் 17,000 கெஜத்துக்கு மேல் எறிந்தவர், அந்தக் காலத்தில் அதுதான் சாதனை. என்எஃப்எல்லின் வழக்கமான பருவத்தில் அவர் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அந்தச் சாதனையை முறியடித்த ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் கேஸ் கீனத்தையும் டிராஃப்டில், அதாவது அணிகள் சுற்றுச் சுற்றாகக் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியில், யாரும் எடுக்கவில்லை, ஆனால் அவர் 2017 பருவத்தில் மினசோட்டா அணியை என்எஃப்எல்லின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலுக்கு ஒரு படி முன்புவரை கொண்டுபோனார். ஒரே மாதிரியான எண்ணிக்கை, இரண்டு விதமான கதை. மகனிடம் எண்களை மூடி வைத்துவிட்டு ஆட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: டாம் பிரேடியை 199-வதாக எடுத்தார்கள், அவர் ஏழு சூப்பர் பவுல் ஜெயித்தார். அப்படியானால் லட்சக்கணக்கில் சம்பளம் வாங்கும் ஸ்கவுட்டுகள் (அணிகளுக்கு ஆள் தேடுகிறவர்கள்) எல்லாம் முட்டாள்களா? – தெம்பனிஸ் வாசகர்

பதில்: கோபம் நியாயம்தான். 2000-ஆம் ஆண்டு டிராஃப்டில் பிரேடிக்கு முன்னால் ஆறு குவாட்டர்பேக்குகளை எடுத்தார்கள். அதில் ஒருவரான ஜியோவானி கார்மாசியை எடுத்தது சான் ஃபிரான்சிஸ்கோ. பிரேடி சின்ன வயதில் விழுந்து விழுந்து ரசித்த அணி அதுதான், அவர் வீடும் பக்கத்து ஊரில். கார்மாசி வழக்கமான பருவத்தில் ஒருநாள்கூடக் களம் இறங்கவில்லை.

ஆனால் அன்றைக்கு ஸ்கவுட்டுகள் பார்த்தது என்ன? 40 கெஜத்தை 5.28 நொடியில் ஓடிய ஓர் ஒல்லிப் பையன், சட்டையில்லாத படத்தில் விளையாட்டு வீரன் மாதிரியே தெரியவில்லை. மிச்சிகனில் கடைசி வருஷம்கூட இன்னொருவரோடு இடத்தைப் பங்குபோட்டுத்தான் ஆடினார். அவர்கள் பார்த்தும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதது, 2000 ஜனவரியில் நடந்த ஆரஞ்சு பவுல் என்ற கல்லூரி ஆட்டம். அலபாமாவுக்கு எதிராக இரண்டு முறை 14 புள்ளி பின்தங்கி, இரண்டு முறையும் எட்டிப்பிடித்து, கூடுதல் நேரத்தில் 35-34 என்று மிச்சிகன் ஜெயித்தது. பிரேடி எறிந்தது 369 கெஜம், நான்கு டச்டவுன். சான்று கண்முன்னேதான் இருந்தது, ஸ்டாப்வாட்ச் அதை மறைத்துவிட்டது.

இருந்தாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன், கண்ணில் படாமல் போனவர்களில் பெரும்பாலானவர்கள் நியாயமான காரணத்தோடுதான் போனார்கள். பிரேடியைப் பற்றி எழுதுகிறோம், அவரைப் போலவே ஆறாவது, ஏழாவது சுற்றில் வந்து இரண்டே வருஷத்தில் வீடு திரும்பியவர்களை யாரும் எழுதுவதில்லை. லாட்டரியில் விழுந்தவர் படம் மட்டும் பேப்பரில் வருகிற கதை.

கேள்வி: உயரம் அவ்வளவு முக்கியமா? – புக்கிட் பாத்தோக் மாணவி

பதில்: முன்பு முக்கியம் என்றார்கள். ஐந்தடி பதினோரு அங்குல ரஸல் வில்சனை 2012-இல் மூன்றாவது சுற்றுவரை காக்க வைத்தார்கள், அவர் இரண்டாவது பருவத்திலேயே சூப்பர் பவுல் ஜெயித்தார். 2023-இல் அவரைவிடக் குள்ளமான பிரைஸ் யங்கை முதல் ஆளாகவே எடுத்தார்கள். உங்கள் கேள்விக்கு என்எஃப்எல்லே பதில் சொல்லிவிட்டது.

கேள்வி: பிராக் பர்டியைப் பற்றி எழுதுங்கள். அவருடையது திறமையா, அணி நல்ல அணி என்பதால் வந்த அதிர்ஷ்டமா? எங்கள் காப்பிக்கடையில் இதற்காக இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டார்கள். – தோ பாயோ வாசகர்

பதில்: அவர்கள் இரண்டு பேருக்கும் கோப்பி வாங்கிக் கொடுங்கள், இரண்டு பேரும் பாதிப்பாதி சரி.

2022 டிராஃப்டில் மொத்தம் 262 பேர், சான் ஃபிரான்சிஸ்கோ எடுத்த குவாட்டர்பேக் பர்டி 262-வது. கடைசியாக வருகிறவருக்கு 'மிஸ்டர் இர்ரெலவன்ட்' என்று பட்டம் வேறு கொடுப்பார்கள், அதாவது இவர் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். அதே அணி ஒரு வருஷம் முன்னால் மூன்று முதல் சுற்று வாய்ப்புகளைத் தாரைவார்த்து, மூன்றாவது ஆளாக டிரே லான்ஸை எடுத்திருந்தது. லான்ஸின் கை பீரங்கி, ஆனால் கல்லூரியில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கியது 17 ஆட்டங்கள்தான். பர்டியின் கை சுமார், ஆனால் அயோவா ஸ்டேட்டில் நான்கு பருவங்களாக அடிபட்டு மிதிபட்டு ஆடியவர். லான்ஸுக்குக் கணுக்கால் முறிந்தது, அடுத்து வந்த கரோப்போலோவுக்குப் பாதம் முறிந்தது, மூன்றாவதாக பர்டி வந்தார்.

அந்த டிசம்பர் திங்கள் விடிகாலை நான் எழுந்து பார்த்தேன். பர்டி தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய முதல் ஆட்டம், எதிரே 45 வயது பிரேடி. பிரேடியை 199-வதாக எடுத்த நாளில் பர்டி நாலு மாதம்கூட ஆகாத கைக்குழந்தை! முடிவு 35-7, பர்டி பக்கம். எனக்கு அந்த எண்களைவிட மனதில் நின்றது அவர் அவசரப்படாத விதம். முன்னால் காவல் நிற்கும் சகாக்களின் சுவர் சரிந்துகொண்டிருக்கும், அவர் ஓடிவிடாமல் அரை அடி முன்னே நகர்வார், பந்து போய்விடும். பார்வையாளர் வரிசையில் அவருடைய அப்பா அழுவதைக் காமிரா காட்டியது, இங்கே நானும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன், ஏர்கான் குளிர் என்று வீட்டில் சொல்லிவைத்தேன்.

அதிர்ஷ்டமும் உண்டு, மறுக்கவில்லை. கைல் ஷானஹன் மாதிரிப் பயிற்சியாளர், பந்தை வாங்கிக்கொண்டு பறக்கும் சகாக்கள். இதே பர்டி ஓட்டை அணிக்குப் போயிருந்தால் இன்று அவர் பெயர் காப்பிக்கடை வரைக்கும் வந்திருக்காது. ஆனால் அதே பயிற்சியாளர், பெரும்பாலும் அதே சகாக்கள் லான்ஸுக்கும் இருந்தார்களே. 2025-இல் பர்டிக்கு ஐந்து வருஷத்துக்கு 265 மில்லியன் அமெரிக்க வெள்ளி ஒப்பந்தம். கணக்குப் பார்க்கிறவர்கள் சும்மா கொடுக்க மாட்டார்கள்.

கேள்வி: டிராஃப்டில் யாருமே எடுக்காவிட்டால் என்ன செய்வார்கள்? – உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: பெரும்பாலும் வேறு வேலை பார்ப்பார்கள், அக்கா. கர்ட் வார்னர் அயோவாவில் ஒரு பேரங்காடியில் இரவு வேலையாக அலமாரியில் சாமான் அடுக்கினார், அப்புறம் உள்ளரங்க ஃபுட்பால், அப்புறம் ஆம்ஸ்டர்டாம் போய் ஐரோப்பிய லீக். 1999 பருவத்தில் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் சூப்பர் பவுலும் வாங்கினார். வாரன் மூனை 1978-இல் யாரும் எடுக்கவில்லை. கருப்பினத்தவர் குவாட்டர்பேக் ஆட முடியாது என்று நம்பிய காலம் அது, வேறு இடத்தில் ஆடச் சொன்னார்கள், அவர் முடியாது என்று கனடா போய், அங்கத்து லீகின் கிரே கோப்பையைத் தொடர்ந்து ஐந்து முறை ஜெயித்தார். பிறகுதான் என்எஃப்எல்லின் ஹூஸ்டன் அணி கூப்பிட்டது. அது ஸ்கவுட்டின் கண் பிழை என்று நான் சொல்ல மாட்டேன், பார்க்கவே மறுத்தார்கள்.

கேள்வி: சூப்பர் பவுல் வரும் திங்கள்கிழமை என் கணவருக்கு மட்டும் வருஷா வருஷம் வயிற்றுவலி வருகிறது. – பெயர் வேண்டாம், செங்காங்

பதில்: காலை ஏழரைக்கு ஆரம்பித்துப் பன்னிரண்டு மணிக்குள் சரியாகிவிடும். எம்சி (டாக்டர் சான்றிதழ்) எடுக்காமல் முறையாக விடுப்பு எடுக்கச் சொல்லுங்கள், பாவம் அந்த கிளினிக் டாக்டர்.

கேள்வி: இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் கணித்த ஆட்கள் எல்லாம் ஜெயித்தார்களா? – ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பதில்: வந்துவிட்டதா இந்தக் கேள்வி! 2018-இல் ஜாஷ் ஆலன் தேற மாட்டார் என்று அடித்துச் சொன்னேன். பள்ளியை முடித்தபோது ஒரு பெரிய கல்லூரியும் கூப்பிடாமல், ரீட்லி என்ற சின்ன கல்லூரியில் ஆடி, கடைசியில் வயோமிங்கில் இடம் கிடைத்தவர். அங்கேயும் நூறு எறிந்தால் 56 தான் கைக்குப் போய்ச் சேரும். குறி சரியில்லாத கையைப் பயிற்சி திருத்தாது என்பது என் உறுதியான கட்சி. முதல் வருஷம் 53-ஐக்கூடத் தொடவில்லை, நான் மார்தட்டினேன். 2020-இல் அது 69 ஆனது, 2024 பருவத்தில் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரரே அவர்தான். அவரை எடுத்த பஃபலோ அணி, அவர் கால் ஊன்றி நிற்கும் விதத்திலிருந்தே எல்லாவற்றையும் மாற்றியது, அவரும் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அந்தக் கற்றுக்கொள்ளும் பசியை எந்த வீடியோவிலும் நான் பார்த்திருக்க முடியாது.

தேக்காவில் ஒரு நண்பரிடம் ஒரு வருஷத்துக்குப் புரோட்டா என்று பந்தயம் கட்டியிருந்தேன். கட்டி முடித்துவிட்டேன். ஆனாலும் ஆலன் நன்றாக ஆடிய வாரமெல்லாம் அவர் போன் பண்ணி, "முட்டை புரோட்டா சாப்பிடலாமா?" என்கிறார்.