கேக்க மாட்டோம், நீயும் சொல்லாத!

(வாசகர் கேள்வி – பதில்)

போன இதழ்ல அமெரிக்க மிலிட்டரில கே ஆளுங்க (அதாவது ஒரே பாலினத்தவரை விரும்பறவங்க) மறைக்காம வேலை பாக்கலாம்னு சட்டம் மாறின கதைய ஒரு கேள்விக்கு நாலே வரில சொல்லிட்டு நகந்துட்டேன். அதுக்கு இவ்ளோ மெயில் வரும்னு நெனைக்கல. திட்டினவங்கள்ல நியாயமா கேள்வி கேட்டவங்களை மட்டும் எடுத்துக்கிட்டேன், வெறுமனே திட்டினவங்க அடுத்த தடவை கேள்வியாவும் ஒண்ணு சேத்து அனுப்புங்க.

கேள்வி: "கேக்காத, சொல்லாத"ன்னு அங்க ஒரு சட்டம் இருந்துச்சுன்னு எழுதிருந்தீங்க. யாரும் கேக்கக் கூடாதுன்னா நல்லதுதானே சார், அப்புறம் ஏன் அதை எடுத்தாங்க?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பேரைக் கேட்டா அப்படித்தாம்மா தோணும். கேக்காதங்கிறது பாதிதான், மீதிப் பாதிலதான் விஷயமே இருக்கு.

1992 எலக்‌ஷன்ல கிளின்டன் என்ன சொன்னாருன்னா, நான் வந்தா மிலிட்டரில கே ஆளுங்களுக்கு இருக்கற தடையைத் தூக்கிருவேன்னாரு. அதுக்கு முன்னாடி ரூல் ரொம்ப வெளிப்படை, சேரும்போதே கேப்பாங்க, ஆமான்னா வெளிய போ. சரி, ஜெயிச்சு 1993 ஜனவரில பதவிக்கு வந்தாரு, வந்த வாரமே பூகம்பம். முப்படைத் தளபதிகள் குழுவோட தலைவர் கோலின் பவல், வளைகுடாப் போர் முடிஞ்ச சூட்டோட நாடே தலைல தூக்கி வச்சு ஆடின ஆளு, முடியாதுன்னுட்டாரு. கிளின்டன் கட்சிக்காரரே, செனட்டோட ராணுவக் கமிட்டித் தலைவர் சாம் நன், அவரும் எதிர்ப்பு. நன் சும்மா பேசிட்டு விடல, கேமராக்காரங்களைக் கூட்டிட்டு நார்ஃபோக் துறைமுகத்துல நீர்மூழ்கிக் கப்பலுக்குள்ள இறங்கி, பாருங்க பெர்த்துக்கும் பெர்த்துக்கும் எவ்ளோ கம்மியா இடைவெளி இருக்குன்னு காட்டினாரு. வாதமே பண்ண வேண்டாம், அந்த ஒரு போட்டோ போதும்னு அவருக்குத் தெரியும், பழுத்த அரசியல்வாதி.

கடைசில ஒரு சமரசம். நாங்க கேக்க மாட்டோம், நீயும் சொல்லாத. 1993 நவம்பர்ல அதுவே சட்டமாச்சு. முன்னாடி பென்டகனோட (அமெரிக்க பாதுகாப்புத் துறை) ரூலா இருந்தது இப்போ பார்லிமென்ட் போட்ட சட்டம், அதனால அப்புறம் வர்ற எந்த ஜனாதிபதியும் ஒரு கையெழுத்துல மாத்த முடியாது. கிளின்டன் தளர்த்தப் போய் இறுக்கிட்டு வந்ததுதான் மிச்சம்.

சட்டத்துல என்னன்னா, நீ ஒண்ணுமே பண்ண வேண்டாம், "நான் கே"ன்னு வாயைத் திறந்து சொன்னாலே போதும், நீ அப்படி நடந்துக்கற ஆளுன்னு அவங்களா எடுத்துக்குவாங்க, இல்லைன்னு நிரூபிக்கிற வேலை உன்னோடது. நடக்காததை நடக்காதுன்னு எப்படிம்மா நிரூபிக்கிறது? எவனாவது மெயிலைப் படிச்சு மேலதிகாரிகிட்ட போட்டுக் குடுத்தா வேலை போச்சு. 2011 வரைக்கும் இந்தச் சட்டத்துல வெளிய போனவங்க 13,000 பேருக்கு மேல.

கேள்வி: நான் இருபது வருஷத்துக்கு மேல சர்வீஸ் பண்ணவன். ஏசி ரூம்ல உக்காந்து எழுதறது ஈஸி. முப்பது பேரு ஒரே பாரக், ஒரே குளியல், எல்லைல ஒரே பங்கர். ஒருத்தன் மேல ஒருத்தனுக்கு நம்பிக்கை போச்சுன்னா செத்துருவோம். இதுக்கு என்ன பதில்?
– முன்னாள் ராணுவத்தார், வேலூர் (பேரு வேணாம்னு கேட்டுக்கிட்டாரு)

ஐயா, வணக்கம். உங்க கேள்விதான் இந்தப் பஞ்சாயத்தோட நடு மையமே. அமெரிக்காவுல நெறைய ஜெனரலுங்க வருஷக் கணக்கா சொன்னதும் இதேதான். பவல் கூட, கே ஆளு சரியா சண்டை போட மாட்டான்னு வாதம் பண்ணல. கூட இருக்கறவனுக்கு சங்கடம், சங்கடத்தால ஒற்றுமை கெடும், ஒற்றுமை கெட்டா யூனிட் தோக்கும், இதுதான் அவரோட கணக்கு. கோழைன்னோ லாயக்கு இல்லைன்னோ சொல்லி யாரையும் துரத்தல பாருங்க, பக்கத்துல படுக்கறவன் மூஞ்சைச் சுளிப்பான்கிறதுக்காக இவனை வீட்டுக்கு அனுப்பினாங்க.

அந்தக் கணக்கை அவங்களே 2010ல போட்டுப் பாத்தாங்க. பென்டகன் 4 லட்சம் சிப்பாய்களுக்கு சர்வே ஃபார்ம் அனுப்பிச்சு, 1,15,000 பேரு பதில் போட்டாங்க. சட்டத்தை எடுத்தா நல்லதுதான் நடக்கும், இல்ல நல்லதும் கெட்டதும் கலந்து வரும், இல்ல ஒரு மாற்றமும் இருக்காதுன்னு சொன்னவங்களை எல்லாம் சேத்தா சுமார் 70 சதவீதம். இதை விட முக்கியமா இன்னொண்ணு இருக்கு. என் யூனிட்ல கே ஆளு இருந்தான்னு நம்பறேன்னு சொன்னவங்களே 69 சதவீதம். அவங்ககிட்ட யூனிட் சேந்து வேலை செஞ்சது எப்படி இருந்துச்சுன்னு கேட்டா, 92 சதவீதம் பேரு நல்லாருந்துச்சு, இல்ல நல்லதும் இல்ல மோசமும் இல்லன்னாங்க. நீங்க பயப்படற நிலைமை ஏற்கனவே பாரக்குக்குள்ள இருந்துச்சு ஐயா, பேசாம இருந்துச்சு, அவ்ளோதான்.

மரைன் படைல, அதுவும் நேரா முன்னால நின்னு சண்டை போடற யூனிட்கள்ல, எதிர்ப்பு கணிசமா இருந்துச்சு, அதை மறைக்கல. மரைன் தளபதி ஜேம்ஸ் ஏமோஸ், இந்த மாதிரி கவனச் சிதறல்ல என் பசங்க உயிர் போயிரும்னு வெளிப்படையாவே சொன்னாரு. சட்டம் மாறினப்புறம் அதே மனுஷன், பெரிசா ஒண்ணும் ஆகலன்னுட்டாரு. அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன், பயந்ததையும் சொன்னாரு, நடந்ததையும் சொன்னாரு.

பிரிட்டன்லயும் இதே பேச்சுதான். அங்க 1967ல சாதா ஜனங்களுக்குக் குத்தம் இல்லன்னு ஆனப்புறமும் படைல மட்டும் தடை தொடர்ந்துச்சு. ராணுவ போலீஸ் லாக்கரைக் குடைஞ்சு லெட்டர் தேடறது, கூப்பிட்டு வச்சு அசிங்கமா கேள்வி கேக்கறது, மெடலைப் புடுங்கறதுன்னு எல்லாம் நடந்துச்சு. 1999ல ஐரோப்பிய மனித உரிமை கோர்ட் இது தப்புன்னு தீர்ப்பு சொல்லவும், 2000 ஜனவரில தடையைத் தூக்கினாங்க. கூட்டம் கூட்டமா ராஜினாமா பண்ணுவாங்கன்னு சொன்னதுல ஒண்ணும் நடக்கல. 2023ல பிரதமர் ரிஷி சுனக் பார்லிமென்ட்ல எந்திரிச்சு மன்னிப்பு கேட்டாரு, அதுக்கப்புறம் பாதிக்கப்பட்டவங்களுக்கு ஆளுக்கு 70,000 பவுண்டு வரைக்கும் நஷ்டஈடுன்னு அறிவிச்சாங்க.

உங்களைக் கேக்க ஒரு கேள்வி எங்கிட்டயும் இருக்கு. அமெரிக்காவுல 2001ல இப்படி வெளிய அனுப்பினது 1,200க்கு மேல. ஆப்கான், ஈராக்னு ரெண்டு போர் ஓடினப்போ அது பாதியா கொறைஞ்சு 600 சொச்சத்துக்கு வந்துருச்சு. ஒற்றுமை கெடும்னா, குண்டு பாயற நேரத்துலதானே அவசரமா வெளிய அனுப்பிருக்கணும்? ஆளு வேணும்கிறப்போ கண்ணை மூடிக்கிட்டாங்க. இதுக்கு உங்க அனுபவத்துல என்ன சொல்லுவீங்கன்னு எழுதுங்க, நிஜமாவே தெரிஞ்சுக்கணும், அப்படியே போடறேன்.

கேள்வி: அரபி தெரிஞ்சவங்களையே தூக்கினாங்கன்னு கேள்விப்பட்டேன், உண்மையா?
– கோயம்புத்தூர் வாசகர்

உண்மைதான், இதை நெனைச்சாதான் எனக்கு சிரிப்பும் வருது எரிச்சலும் வருது. செப்டம்பர் 11 நடந்து முடிஞ்சு, ஒட்டுக்கேட்ட டேப் எல்லாம் மொழிபெயர்க்க ஆளில்லாம குவிஞ்சு கெடக்கு, அந்த நேரத்துல அரசாங்கம் தன் காசுல அரபி சொல்லிக் குடுத்த பசங்களை வீட்டுக்கு அனுப்பிச்சு. அமெரிக்க அரசோட தணிக்கைத் துறையே 2005ல கணக்கு பாத்து சொல்லிச்சு, பத்து வருஷத்துல போனவங்கள்ல அரபி, பார்சி, கொரியன் மாதிரி முக்கியமான மொழி தெரிஞ்சவங்க 322 பேரு, போனவங்களுக்குப் பதிலா ஆள் எடுத்து ட்ரெயினிங் குடுக்க ஆன செலவு சுமார் 19 கோடி டாலர். டான் சாய்னு ஒரு லெப்டினன்ட், வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமில படிச்சவரு, அரபி தெரியும், ஈராக் போயிட்டு வந்தவரு, 2009ல டிவில உக்காந்து நான் கேன்னு சொன்னாரு. அடுத்த வருஷம் வெள்ளை மாளிகை வேலில தன்னைத்தானே விலங்கு போட்டுக்கிட்டு நின்னாரு, அதே வருஷம் டிஸ்சார்ஜும் ஆனாரு.

கேள்வி: இதெல்லாம் இப்ப வந்த ஃபேஷன். அந்தக் காலத்து ராணுவத்துல இப்படி ஒரு பேச்சு இருந்துச்சா?
– தஞ்சாவூர் வாசகர்

1778 போதுமா? ஜார்ஜ் வாஷிங்டனோட படைல லெப்டினன்ட் என்ஸ்லின்னு ஒருத்தரை இந்தக் குத்தத்துக்காக வேலி ஃபோர்ஜ் முகாம்லேருந்து மேளம் தட்டி ஊரறிய வெளிய அனுப்பிருக்காங்க, ரெக்கார்டு இருக்கு. அமெரிக்காவுக்கு ஃபேஷன் வர்றதுக்கு முன்னாடியே இது வந்துருச்சு.

ஒளியாம நேருக்கு நேர் நின்னவருன்னா லெனார்ட் மேட்லோவிச். விமானப்படை சார்ஜென்ட், வியட்நாம்ல காயம்பட்டவரு, வெண்கல நட்சத்திர மெடல் வாங்கினவரு. 1975ல நான் கேன்னு எழுதின லெட்டரை மேலதிகாரி கைல தானே குடுத்தாரு. டைம் பத்திரிகை அவரை யூனிஃபார்மோட அட்டைல போட்டுச்சு. வேலை போச்சு, கேஸ் போட்டாரு, கோர்ட் திரும்ப எடுத்துக்கச் சொல்லிச்சு, கடைசில பணம் வாங்கிட்டு ஒதுங்கிட்டாரு. 1988ல இறந்தாரு. ரெண்டு பேரைக் கொன்னதுக்கு மெடல் குடுத்தாங்க, ஒருத்தரை நேசிச்சதுக்கு டிஸ்சார்ஜ் குடுத்தாங்கன்னு அவரு கல்லறைல எழுதிருக்கு, முன்கூட்டியே அவரே எழுதி வச்சது.

கேள்வி: எப்பப் பாத்தாலும் ஆம்பளைங்களைப் பத்தியே பேசறீங்க. பொண்ணுங்க?
– திருச்சி வாசகி

சரியான குட்டு. பொண்ணுங்களுக்கு அடி இன்னும் அதிகம். படைல அவங்க ஏழுல ஒரு பங்கு மாதிரிதான், வெளிய போனவங்க லிஸ்ட்ல அதை விட ரொம்ப ஜாஸ்தி. ஒரு காரணம் கேவலமானது, மேல இருக்கறவனோட ஆசைக்கு இணங்கலன்னா "அவ அப்படிப்பட்டவ"ன்னு கெளப்பி விட்டா போதும், அவ வேலைதான் ஆபத்துல. இதுக்காகப் புகார் பண்ணவே பயந்தவங்க நெறைய. மார்கரெத் கேமர்மேயர்னு ஒரு கர்னல், நர்ஸ், வியட்நாம்ல மெடல் வாங்கினவங்க, பாதுகாப்பு க்ளியரன்ஸ் இன்டர்வியூல கேட்டதுக்கு உண்மையைச் சொன்னாங்க, 1992ல அனுப்பிட்டாங்க. கோர்ட்டுக்குப் போய் 1994ல திரும்ப யூனிஃபார்ம் போட்டாங்க.

கேள்வி: நம்ம ராணுவத்துல என்ன நிலைமை? 377 தான் போயிருச்சே?
– மதுரை, திருநெல்வேலி, இன்னும் பல வாசகர்கள்

ஒரே பாலின உறவைக் குத்தமாக்கின 377வது பிரிவு போனது வெளிய இருக்கற நமக்கு. 2018 செப்டம்பர் 6 தீர்ப்பு வந்து நாலு மாசத்துல, அப்போ தரைப்படைத் தளபதியா இருந்த பிபின் ராவத் பிரஸ் மீட்ல சொல்லிட்டாரு, ராணுவம் பழமைல ஊறினது, இதை உள்ள விட மாட்டோம், ராணுவச் சட்டப்படி நடவடிக்கை எடுப்போம்னு. அவருக்கு அந்த தைரியம் எங்கேருந்துன்னா, 1950 ராணுவச் சட்டத்துல 46வது பிரிவுல "இயற்கைக்கு மாறான" நடத்தைக்கு ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு, அதிகாரின்னா பதவிக்குப் பொருந்தாத நடத்தைன்னு 45வது பிரிவும் இருக்கு. அரசியல் சட்டம் 33வது பிரிவு, படைல இருக்கறவங்களோட அடிப்படை உரிமையைக் கொறைக்க பார்லிமென்ட்டுக்கு அதிகாரம் குடுத்துருக்கு. ரெண்டையும் சேத்துப் பாத்தா சிக்கல் புரியும்.

அங்க சண்டை போட்டாங்க, கத்தினாங்க, ஓட்டுப் போட்டாங்க. இங்க விவாதமே நடக்கலங்கிறதுதான் எனக்குக் கோவம். 2022ல இயக்குனர் ஓனிர், படையை விட்டு வெளிய வந்த ஒரு கே மேஜரோட கதையை வச்சு எழுதின ஸ்கிரிப்ட்டுக்கு பாதுகாப்பு அமைச்சகம் அனுமதி குடுக்கல. கதையா கூடப் பேசக் கூடாதுன்னா அப்புறம் எங்க பேசறது?

கேள்வி: அமெரிக்காவுல இதோட பிரச்சனை முடிஞ்சுதா?
– சென்னை வாசகர்

கே ஆளுங்களைப் பொறுத்தவரை அந்தச் சட்டம் 2011 செப்டம்பர் 20 அன்னைக்குப் போனது போனதுதான். சண்டை இப்போ திருநர் பக்கம் நகந்துருச்சு. 2016ல அனுமதிச்சாங்க, 2017ல ட்ரம்ப் ட்விட்டர்ல தடைன்னாரு, 2021ல பைடன் எடுத்தாரு, 2025ல திரும்ப ட்ரம்ப் போட்டாரு, கேஸ் நடக்கறப்பவே அமல்படுத்தலாம்னு சுப்ரீம் கோர்ட்டும் விட்டுருச்சு. கே ஆளுங்க விஷயத்துல செனட் 65க்கு 31னு ஓட்டுப் போட்டு சட்டத்தையே எடுத்துருச்சு, அதனால நின்னுச்சு. திருநர் விஷயம் ஜனாதிபதி உத்தரவுலயே ஓடுது, ஆளு மாறினா உத்தரவு மாறும்.

கேள்வி: ஜான் மெக்கெய்ன் நேர்மையான ஆளுன்னு எழுதுவீங்களே, இதுல அவரு எந்தப் பக்கம்?
– புதுச்சேரி வாசகர்

மாட்டி விடறீங்க. குடியரசுக் கட்சி செனட்டர் அவரு. 2006ல சொன்னது, ராணுவத் தலைமை வந்து மாத்தலாம்னு எங்கிட்ட சொன்னா யோசிக்கிறேன்னு. 2010 பிப்ரவரில முப்படைத் தளபதிகள் குழுத் தலைவர் அட்மிரல் மைக் முல்லன், மெக்கெய்ன் இருந்த செனட் ராணுவக் கமிட்டி முன்னாடியே உக்காந்து, நாட்டைக் காப்பாத்த வந்த பசங்களைப் பொய் சொல்ல வைக்கிற சட்டம் இது, எப்படிப் பாத்தாலும் மனசு ஒப்பலன்னு சொன்னாரு. உடனே மெக்கெய்ன், ரொம்ப ஏமாத்தமா இருக்குன்னுட்டாரு. அப்புறம் சர்வே வரட்டும்னாரு, சர்வே வந்ததும் சர்வேல கேட்ட கேள்வியே சரியில்லன்னாரு. அவரு மனைவி சிண்டியே இந்தச் சட்டத்தைக் குறை சொல்லி ஒரு விளம்பரத்துல பேசிட்டு, ரெண்டொரு நாள்ல நான் புருஷன் பக்கம்தான்னு ட்வீட் போட்டாங்க, அந்த வீட்ல அன்னைக்கு ராத்திரி சாப்பாடு எப்படிப் போச்சோ. ஓட்டெடுப்பு நாள்ல, இது சோகமான நாள்னு செனட்ல பேசினாரு.

ஆனா 2017ல ட்ரம்ப் திருநருக்குத் தடைன்னு ட்வீட் போட்ட அன்னைக்கே, தகுதி இருக்கற யாரையும் படையை விட்டு அனுப்பக் கூடாதுன்னு அறிக்கை விட்டவரும் அதே மெக்கெய்ன்தான். நேர்மையான ஆளுதான், 2010ல மட்டும் கொஞ்சம் லீவு எடுத்துக்கிட்டாரு.