கார் பல்பும் திறப்புப் பற்றரியும்: வீட்டில் எதுவரை கை வைக்கலாம்?

போன கிழமை கார் லைட், ரிமோட் திறப்பு பற்றிக் கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று சொன்னேன். எதிர்பார்த்ததை விடக் கூடவே வந்துவிட்டது. பஞ்சிகாவத்தைப் பக்கம் வாகன வயரிங் வேலை செய்கிற எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதியிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்ட இடங்களில் ஒருவருடையதை மட்டும் எடுத்திருக்கிறேன்.

சுகன்யா, வெள்ளவத்தை: அண்ணா, எங்கள் அல்ட்டோவில் இடப்பக்க ஹெட் லைட் டிம்மில் எரியவில்லை, ஹையில் மட்டும் எரிகிறது. கராஜுக்குப் போகாமல் நானே பல்ப் மாற்றலாமா?

தாராளமாக மாற்றலாம் தங்கச்சி. அதில் இருப்பது எச்-4 பல்ப். ஒரே கண்ணாடிக்குள் டிம்முக்கு ஒரு இழை, ஹைக்கு ஒரு இழை. ஒன்று எரிந்து மற்றது எரியவில்லை என்றால் பெரும்பாலும் இழைதான் அறுந்திருக்கும். பழைய பல்பின் அடியில் 12 வோல்ட், 60/55 வொட்ஸ் என்று எழுதியிருக்கும். அதே எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

லைட்டை அணைத்து, திறப்பை எடுத்துவிட்டு, பல்ப் நன்றாக ஆறும்வரை பொறுங்கள். பொனட்டைத் திறந்து லைட்டுக்குப் பின்னால் பார்த்தால் மூன்று பின் உள்ள பிளக் தெரியும். வயரைப் பிடித்து இழுக்காமல் பிளக்கின் உடம்பைப் பிடித்து மெல்ல ஆட்டி நேராகப் பின்னுக்கு எடுங்கள். அடுத்து வட்டமான ரப்பர் மூடி, அதற்குள் பல்பைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் கம்பி. கம்பியைத் தொடுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், திரும்பப் பூட்டும்போது உதவும். கம்பியை உள்ளுக்கு அழுத்திப் பக்கவாட்டில் தள்ளினால் கொளுக்கி விடும்.

புதிய பல்பை உலோக அடியில் மட்டும் பிடியுங்கள், கண்ணாடியில் விரல் படக்கூடாது. ஹெலஜன் பல்பின் கண்ணாடி எரியும்போது பல நூறு பாகை சூடாகும். விரலின் எண்ணெய்ப் பசை ஒட்டிய இடம் மட்டும் கூடச் சூடேறி, பல்ப் நாள் நிற்காது, சிலவேளை வெடிக்கும். தவறிப் பட்டுவிட்டால் பார்மசியில் வாங்கும் ஸ்பிரிட்டைச் சுத்தமான துணியில் நனைத்துத் துடைத்து, காயவிட்டுப் பூட்டுங்கள். அடியில் மூன்று காது இருக்கிறது. அதில் அகலமானது அதற்குரிய வெட்டில்தான் இருக்கும், ஆகவே பல்ப் ஒரு விதமாக மட்டும்தான் உட்காரும். உட்காராவிட்டால் அமுக்காதீர்கள், திருப்பிப் பாருங்கள்.

ரப்பர் மூடியை ஓரம் முழுக்க விரலால் அழுத்தி விடுங்கள். அவசரத்தில் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றால் அடுத்த மழைக்கே லைட்டுக்குள் தண்ணீர் கோர்த்துக்கொள்ளும்.

ரிஷாத், மாளிகாவத்தை: அண்ணே, கடையில் 100/90 வொட்ஸ் எச்-4 இருக்கிறது. அதே அளவு, அப்படியே பொருந்துகிறது. வெளிச்சம் கூட வருமே, போடலாமா?

வேண்டாம் தம்பி. கணக்கைப் பாருங்கள்: 12 வோல்ட்டில் 60 வொட்ஸ் பல்புக்கு 5 அம்பியர் போதும். 100 வொட்ஸ் என்றால் 8 அம்பியருக்கு மேல். வயரும் சொக்கட்டும் சுவிட்சும் 60க்குத்தான் செய்யப்பட்டவை. இப்படிப் போட்ட கார்களில் சொக்கட்டைக் கழற்றும்போதே கதை தெரியும். வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பாகி, ஒரு பின்னைச் சுற்றி உருகி, பிளக் பல்போடு ஒட்டிக்கொண்டு வரும். லைட்டுக்குள் இருக்கும் கண்ணாடிப் பூச்சும் மங்கிவிடும், அப்புறம் நல்ல பல்ப் போட்டாலும் வெளிச்சம் வராது.

வெளிச்சம் குறைவு என்றால் முதலில் லென்ஸைப் பாருங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அதனால் கொழும்பில் ஓடுவதில் நிறையப் பழைய கார்தான், வெயிலில் லென்ஸ் மஞ்சளாகிக் கிடக்கும். அதைப் பொலிஷ் செய்தாலே வித்தியாசம் தெரியும்.

பிரசாத், வத்தளை: ஹெலஜனை எடுத்துவிட்டு எல்.ஈ.டி. பல்ப் போட்டால்?

ஹெட் லைட்டுக்கு நான் போட்டுக் கொடுப்பதில்லை. ஹெலஜன் லைட்டின் உட்புறம், இழை எந்த இடத்தில் இருக்கிறதோ அதை வைத்து வளைக்கப்பட்டது. எல்.ஈ.டி.யில் வெளிச்சம் வேறு இடத்திலிருந்து வருவதால் கீழே விழவேண்டியது மேலே சிதறும். உங்களுக்கு வெளிச்சமாக இருக்கும், காலி வீதியில் எதிரே வருகிறவருக்குக் கண் தெரியாது. உள் லைட், நம்பர் பிளேட் லைட் என்றால் தாராளமாகப் போடுங்கள். கம்பனியிலேயே எல்.ஈ.டி. ஹெட் லைட்டோடு வந்த கார் வேறு விஷயம், அதில் பெரும்பாலும் தனியாக மாற்ற பல்ப் என்று ஒன்றே கிடையாது.

அனுஜா, கொட்டாஞ்சேனை: எங்களுடையது ஹைபிரிட். லைட் பக்கம் கை வைத்தால் கரண்ட் அடிக்குமா?

லைட்டுக்கு வருவது சாதாரண 12 வோல்ட்தான். பொனட்டுக்குள் செம்மஞ்சள் நிறத்தில் ஓடும் தடித்த வயர்கள்தான் உயர் மின்னழுத்தம். அவற்றையும் அவை போய்ச் சேரும் பெட்டிகளையும் எந்தக் காரணத்துக்கும் தொடாதீர்கள். இன்னொன்று: ஹைபிரிட் கார் நிற்கும்போது சத்தமே வராது. டேஷ்போர்டில் 'ரெடி' எழுத்து அணைந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, ஸ்மார்ட் திறப்பைக் காரை விட்டுத் தள்ளி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

நான் பயப்படுவது ஸீனனுக்கு. போட்டவுடன் நீலம் கலந்து எரிந்து, சில வினாடிகளில் முழு வெளிச்சத்துக்கு வரும் லைட் அது. பற்ற வைக்கும் நொடியில் 20,000 வோல்ட்டுக்கு மேல் போகும். லைட்டின் பின்னால் எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதைக் கண்டால் மூடிவிட்டுக் கராஜுக்குக் கொண்டு போங்கள். ஹைபிரிட் இல்லாத கார்களிலும் ஸீனன் உண்டு.

கிஷோர், பம்பலப்பிட்டி: சிக்னல் ஒரு பக்கம் மட்டும் படபடவென்று அடிக்கிறது.

அந்தப் பக்கம் முன்னாலோ பின்னாலோ ஒரு பல்ப் போய்விட்டது. இறங்கிச் சுற்றிப் பாருங்கள். சிக்னலுக்கு எல்.ஈ.டி. போட்டிருந்தாலும் இப்படித்தான் அடிக்கும், 21 வொட்ஸ் பல்ப் இழுக்கும் கரண்ட்டை அது இழுப்பதில்லை.

பொன்னம்பலம், தெஹிவளை: தம்பி, வலப்பக்கப் பிரேக் லைட்டுக்குப் புதுப் பல்ப் போட்டேன். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, விட்டு விட்டு எரிகிறது. பல்ப் கள்ளச் சாமானா?

பல்பைக் குற்றம் சொல்லுமுன் சொக்கட்டைப் பாருங்கள் ஐயா. உங்கள் கார் கடற்கரைப் பக்கம் நிற்கிறதா? தெஹிவளையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை கடல் காற்றுப் படும் இடத்தில் நிற்கிற கார்களில் இது வழக்கமான வருத்தம். பல்பைக் கழற்றிச் சொக்கட்டுக்குள் டோர்ச் அடித்தால் பித்தளையில் பச்சையாகப் பூத்திருக்கும். அது கரண்ட்டை மறிக்கும், அந்த இடம் சூடாகும், ஒட்டு இன்னும் கெடும். நல்ல மணல் கடதாசித் துண்டை ஈர்க்கில் சுற்றி, லைட் முழுக்க அணைந்திருக்கும்போது மெல்லத் தேய்த்துப் பாருங்கள். பித்தளை மினுங்கினால் பிழைத்தது, அரித்துப் போயிருந்தால் சொக்கட் மாற்ற வேண்டும்.

பல கார்களில் பின் லைட்டுக்கும் பிரேக்குக்கும் ஒரே பல்ப், 5 வொட்ஸ் ஒன்றும் 21 வொட்ஸ் ஒன்றுமாக இரண்டு இழை. அதன் பக்கத்தில் இருக்கும் இரண்டு சிறு முளைகளில் ஒன்று மேலே, ஒன்று கீழே. அழுத்தித் திருப்பும்போது போகவில்லை என்றால் அரை வட்டம் திருப்பிப் போடுங்கள். பலவந்தமாகத் திருகினால் பின் லைட் எரியவேண்டிய நேரம் பிரேக் லைட் எரிந்துகொண்டிருக்கும்.

கிஷோர் மறுபடியும்: பியூஸ் போனால் பெரியது போடலாமா?

கூடாது. 10 அம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். சிவப்புப் போனால் சிவப்பே போடுங்கள். அதுவும் போனால் வயரில் எங்கோ கோளாறு. சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றிப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கார் எரிவது அப்படித்தான்.

நிரோஷன், மட்டக்குளி: புஷ் ஸ்டார்ட் கார். திறப்பின் பற்றரி இரவில் செத்துவிட்டால் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதானா?

தேவையில்லை. ஸ்மார்ட் திறப்பின் ஓரத்தில் ஒரு சின்னத் தாழ் இருக்கும், அதைத் தள்ளினால் உள்ளே ஒளிந்திருக்கும் இரும்புத் திறப்பு வரும். கதவை அதால் திறக்கலாம். அலாரம் கத்தினால் பதறாதீர்கள். பிரேக்கை மிதித்தபடி ரிமோட்டின் கம்பனிச் சின்னம் உள்ள பக்கத்தை ஸ்டார்ட் பட்டனில் ஒட்ட வைத்து, பீப் சத்தம் வந்ததும் பட்டனை அழுத்துங்கள். டொயோட்டாவில் இப்படித்தான், மற்றவற்றிலும் கிட்டத்தட்ட இதே முறைதான். உள்ளே இருக்கும் சிப்புக்குப் பற்றரி வேண்டாம், காரே அதற்குச் சக்தி கொடுத்து வாசித்துக்கொள்ளும். வீட்டு வாசலில் ஒருமுறை செய்து பார்த்து வையுங்கள்.

மாலதி, வெள்ளவத்தை: திறப்புக்குப் புதுப் பற்றரி போட்டும் வேலை செய்யவில்லை. புறக்கோட்டையில் வாங்கியது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

இருக்கலாம், ஆனால் முதலில் எண்ணைப் பாருங்கள் அக்கா. சீஆர் 2032 என்றால் 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிப்பு. சீஆர் 2025 அதே அகலம், தடிப்பு மட்டும் 2.5. இரண்டும் 3 வோல்ட்தான், அதனால் "இதுவும் சரிதான்" என்று கொடுத்துவிடுவார்கள். மெல்லியதைப் போட்டால் தகடு சரியாகத் தொடாது, கடதாசி மடித்து வைக்கிற வேலைதான் மிச்சம். பழைய பற்றரியைக் கையோடு கொண்டு போய் அதே எண்ணைக் கேளுங்கள்.

எண் சரி என்றால், கூட்டல் குறி எந்தப் பக்கம் என்று பாருங்கள். பற்றரியில் ஒட்டியிருந்த மெல்லிய ஸ்டிக்கரை எடுத்தீர்களா? பிள்ளைகள் வாயில் வைக்காமல் இருக்க இப்போது சில பற்றரிகளில் கசப்புப் பூச்சு வருகிறது, சில திறப்புகளில் அந்தப் பூச்சே ஒட்டு விடாமல் தடுக்கும். ஓரத்தை ஸ்பிரிட்டால் துடைத்துப் பாருங்கள்.

திறக்கும்போது கத்தி வேண்டாம், கையைத்தான் வெட்டும். தட்டை ஸ்குறூ டிரைவர் நுனியில் டேப் சுற்றி, இரும்புத் திறப்பு இருந்த இடத்தில் தெரியும் வெட்டில் வைத்து மெல்லத் திருப்புங்கள். ஒரு தட்டத்துக்கு மேலே வைத்துச் செய்யுங்கள். சில பழைய திறப்புகளில் அரிசி மணி அளவில் கறுப்புச் சிப் தனியாகக் கிடக்கும். அது தரையில் விழுந்து குப்பையோடு போனால் கதவு திறக்கும், எஞ்சின் எடுக்காது.

பாத்திமா, கொலன்னாவை: பற்றரி மாற்றும்போது பழையதை மேசையில் வைத்தேன். இரண்டு வயது மகன் எடுத்து விளையாடிக்கொண்டிருந்தான். வாங்கிவிட்டேன். "விழுங்கினாலும் வெளியில் போய்விடும், அது செத்த பற்றரிதானே" என்கிறார் மாமி. சரியா?

மாமி சொல்வது பிழை தங்கச்சி. இன்று வந்த கேள்விகளில் நான் பொறுமையாக எழுதவேண்டியது இதற்குத்தான்.

ரிமோட்டுக்குப் போதாத பற்றரியிலும் தொண்டையைச் சுடுவதற்குப் போதிய மின்சாரம் மிச்சம் இருக்கும். 20 மில்லிமீட்டர் பற்றரி சின்னப் பிள்ளையின் உணவுக்குழாயில் மாட்டிக்கொள்ளும். ஈரத்தில் மின்சாரம் ஓடி, அந்த இடத்தில் காரம் உண்டாகி, தசையைக் கரைக்கத் தொடங்கும். இரண்டு மணி நேரமே போதும் பெரிய காயத்துக்கு. பிள்ளை அழாமல், இருமாமல் சும்மா இருக்கவும் கூடும். சிலர் எச்சில் வடிப்பார்கள், சாப்பாடு வேண்டாம் என்பார்கள், வேறொன்றும் தெரியாது.

விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே பொரளை லேடி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ, கிட்ட உள்ள பெரிய வைத்தியசாலைக்கோ உடனே போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் கேளுங்கள். "பட்டன் பற்றரி" என்ற சொல்லை வாசலிலேயே சொல்லுங்கள், எக்ஸ்றே எடுக்கத் தாமதமாகக் கூடாது. வாந்தி எடுக்க வைக்காதீர்கள், சாப்பாடு கொடுக்காதீர்கள். விழுங்கி 12 மணி நேரத்துக்குள், ஒரு வயதுக்கு மேற்பட்ட, விழுங்கக்கூடிய பிள்ளைக்குப் போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம், ஆறு முறைக்கு மேல் வேண்டாம். தேன் என்றது தேனீத் தேனை, கித்துள் பாணியை அல்ல. வீட்டில் இல்லையென்றால் தேடிக்கொண்டு நிற்காமல் புறப்படுங்கள். மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டாலும் இதே அவசரம்தான், சொட்டு மருந்து எதுவும் விடாதீர்கள்.

பழைய பற்றரி வெளியே வந்த உடனே இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, பிள்ளைக்கு எட்டாத இடத்தில் போத்தலுக்குள் போடுங்கள். மூடியில் ஸ்குறூ இருந்த திறப்பென்றால் அந்த ஸ்குறூவையும் மறக்காமல் பூட்டுங்கள். மூடி தளர்ந்து போன திறப்பைப் பிள்ளை கையில் விளையாடக் கொடுக்கவே வேண்டாம்.

ஜெயந்தன், கிராண்ட்பாஸ்: ஒரு பக்கப் பல்ப் போனால் மற்றதையும் மாற்ற வேண்டுமா? அப்புறம், தனியாக இருக்கும்போது பிரேக் லைட் எரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ஹெட் லைட் என்றால் இரண்டையும் மாற்றுங்கள். ஒன்றாகப் போட்டவை, மற்றதும் பின்னாலேயே போகும், வெளிச்சமும் ஒரே மாதிரி இருக்கும். நன்றாக இருக்கும் பழையதை டிக்கியில் அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பிரேக்குக்கு, இருட்டியபின் கேற்றுக்கோ கடைச் ஷட்டருக்கோ பின்பக்கத்தைக் காட்டி நிறுத்தி மிதியுங்கள். கண்ணாடியில் பார்த்தால் இரண்டு பக்கமும் சிவப்பு விழுகிறதா, ஒரு பக்கம் இருட்டா என்று தெரிந்துவிடும். பகலில் என்றால் போனை வீடியோவில் போட்டுப் பின்னால் நிறுத்தி வைத்துவிட்டு மிதித்துப் பாருங்கள்.