எலி விழுந்தது சரி, கழுத்து வலி போகுமா?

அந்த அமுக்கராப் பொடியை (அஸ்வகந்தா) இன்றோடு நிறுத்துங்கள். மாத்திரையை அல்ல, பொடியை. கழுத்துப் பிடிப்புக்கு இரவில் டயாசிபாம் என்ற தசை தளர்த்தும் மாத்திரையை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நீங்களோ 'தசையைத் தளர்த்துவதில் டயாசிபாமுக்கு இணையானது' என்று இணையத்தில் படித்துவிட்டு, அமுக்கராப் பொடியையும் சேர்த்துச் சாப்பிடுகிறீர்கள். 'இதயமும் தசைதானே டாக்டர், அதுவும் தளர்ந்துவிடுமோ?' என்பதுதான் உங்கள் பயம். அப்படியெல்லாம் ஆகாது. கழுத்தைத் திருப்பும்போது கேட்கும் 'டொக்' சத்தமும், வலி இல்லாதவரை, ஒன்றுமில்லை.

போகிற போக்கில் காலையில் குளியலறையில் தடுமாறியதாக எழுதியிருக்கிறீர்களே, என் கவலை அதில்தான்.

ஒரு மூலிகை தசையைத் தளர்த்துமா என்று பார்க்கும் ஆராய்ச்சிகளில் சுழலும் தண்டு ஒன்றின் மேல் சுண்டெலியை ஏற்றிவிடுவார்கள். செடிச் சாறு கொடுத்த பிறகு அது எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்று பார்ப்பார்கள். சீக்கிரம் விழுந்தால், தசையைத் தளர்த்தும் குணம் இருக்கலாம் என்று எழுதுவார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூட்டம் எலிகளுக்கு டயாசிபாம் கொடுப்பது வழக்கம். 'இணையானது' என்ற பேச்சு வருவது இங்கிருந்துதான். ஆனால் எலி தசை தளர்ந்து விழுந்ததா, தூக்கக் கலக்கத்தில் விழுந்ததா என்பதை அந்தத் தண்டு மட்டும் சொல்லாது. அந்த எலிக்குக் கழுத்துப் பிடிப்பும் கிடையாது. பல நேரம் சாற்றை வயிற்றுக்குள் ஊசியாகவே போடுகிறார்கள். அந்த அளவை நீங்கள் ஸ்பூனால் அளக்க முடியாது. ஆரம்பகட்டச் சோதனையாக இதெல்லாம் சரிதான், மருந்துச் சீட்டாக அல்ல.

டயாசிபாமும் மயக்கம் தரும், அமுக்கராவும் தூக்கம் தரும். சேர்ந்தால் குறிப்பாக மூளையின் விழிப்புதான் குறையும். அளவு மீறினால், அல்லது கூடவே மது, டிரமடால் போன்ற வலி மருந்து, தூக்கம் வரவழைக்கும் சளி மாத்திரை இருந்தால், மூச்சும் மந்தமாகும். இதை வீட்டில் இருப்பவர்களுக்குக் காட்டுங்கள்: உலுக்கி எழுப்பியும் சரியாக விழிக்கவில்லை, பேச்சு குழறுகிறது, மூச்சு இடைவெளி விட்டு மெதுவாக வருகிறது என்றால், தூங்கித் தெளியட்டும் என்று விடக் கூடாது. உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும்.

மாத்திரையைப் பல வாரமாக எடுத்துவந்தால் அதையும் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள், வலிப்பு வரலாம். எழுதிக் கொடுத்தவரிடம் பொடி விஷயத்தைச் சொல்லிவிட்டு, எப்படிக் குறைப்பது என்று கேளுங்கள். 'மூலிகைதானே' என்று மறைக்க வேண்டாம். அப்புறம், அதுவரை காலையில் வண்டி ஓட்டாதீர்கள்.